கணக்கிட்ட எண்ணை எதுவரை நம்புவது: உதகையிலிருந்து ஒரு கடிதம்

உதகமண்டலம்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் முதுகலை வேதியியலில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. கணக்கீட்டு வேதியியலை விருப்பப் பாடமாக எடுக்கலாமா என்று அவள் கேட்பதாகவும், எல்லாவற்றையும் கணினியே கணக்கிட்டுத் தரும்போது ஆசிரியர் கற்றுக்கொடுக்க என்ன மிச்சம் இருக்கிறது என்று உனக்குத் தோன்றுவதாகவும் எழுதியிருந்தாய். மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்தில் நாள்தோறும் கருவிகளோடு பழகும் நீ இப்படிக் கேட்பது இயல்புதான். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மூலக்கூறைத் திரையில் வரைந்து, கணக்கிடும் முறையைத் தேர்ந்து, மாலையில் ஓடவிட்டுப் போனால், மறுநாள் காலையில் ஆற்றலின் மதிப்பு எட்டு, ஒன்பது தசம இடங்களோடு வந்து நிற்கிறது. அத்தனை இடங்களைப் பார்த்ததும் மாணவர்களுக்கு அதன்மேல் ஒரு பக்தியே வந்துவிடுகிறது. அவற்றுள் எத்தனை இடம் மூலக்கூறைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்க வைப்பதற்குத்தான் என் வகுப்பு நேரத்தில் பெரும்பகுதி செலவாகிறது. அறை வெப்பநிலையில் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 1.4 கிலோகலோரி பிழை வந்தால், வினை எவ்வளவு தூரம் நடக்கும் என்று காட்டும் சமநிலை மாறிலி பத்து மடங்கு மாறிவிடும் என்பதை முதல் வாரத்திலேயே கரும்பலகையில் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

இந்த ஊரே எனக்கு ஒரு நல்ல பாடத்தைத் தந்திருக்கிறது. ஒரு வினை தானாக நடக்குமா என்று காட்டும் கட்டிலா ஆற்றலைக் கணக்கிடும் மென்பொருள்கள், நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், 298.15 கெல்வினையும் ஒரு வளிமண்டல அழுத்தத்தையும் தாமாகவே எடுத்துக்கொள்ளும். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே உள்ள உதகையிலோ அழுத்தம் அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்ற பருவத்தில் ஒரு மாணவி, “அப்படியானால் நாம் போட்ட கணக்கெல்லாம் இந்த ஊருக்குப் பொருந்தாதா, ஐயா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்கு அளித்த நிறைவைச் சொல்லி முடியாது. அவளையே கணக்கிடச் சொன்னேன். அழுத்த வேறுபாட்டால் ஒரு மோல் வாயுவுக்கு வரும் மாற்றம் சுமார் 0.15 கிலோகலோரி. நாங்கள் கையாளும் முறையின் பிழையோ ஒரு கிலோகலோரிக்கும் மேல். எனவே இந்தத் திருத்தத்தைத் தெரிந்தே விட்டுவிடலாம் என்று அவளே எழுதினாள். விட்டுவிட்டதற்கு அவள் எழுதிய அந்த ஒரு வரிக் காரணத்துக்குத்தான் நான் மதிப்பெண் கொடுத்தேன்.

விட்டுவிட முடியாத பிழையைக் காட்ட எனக்குக் கைகொடுப்பது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் மலேரியா மருந்தான குயினைன். 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசு சிங்கோனாத் தோட்டங்கள் அமைந்ததும், பட்டையிலுள்ள அல்கலாய்டுகளைப் பகுத்தாய்வதற்கென்றே ஜான் புரோட்டன் என்ற வேதியியலாளர் இந்த மலையில் அமர்த்தப்பட்டதும் இங்கு படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். மலேரியா ஒட்டுண்ணி நம் ஹீமோகுளோபினைச் செரித்தபின் எஞ்சும் ஹீம் என்ற இரும்பு கொண்ட பகுதி அதற்கே நஞ்சு. அதைப் படிகமாக்கித்தான் அது தப்பிக்கிறது. குயினைன் ஹீமோடு இணைந்து அந்தப் படிகமாதலைத் தடுக்கிறது. அந்த இணைப்பில் குயினைனின் தட்டையான பகுதியான குயினோலின் வளையம் ஹீமின் தட்டையான முகத்தின் மேல் படிவதற்கும் பங்குண்டு.

சிக்கல் அங்கேதான். பி3எல்ஒய்பி என்ற பெயர்பெற்ற கணக்கீட்டு முறை, மூலக்கூறுகளுக்கிடையே எலக்ட்ரான்களின் அசைவால் எழும் மெல்லிய ஈர்ப்பான லண்டன் விசையைக் கணக்கில் கொள்வதில்லை. இரண்டு பென்சீன் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்று நகர்த்தி வைத்தால் அவற்றுக்கிடையே 2 முதல் 3 கிலோகலோரி வரை ஈர்ப்பு இருக்க, இந்த முறையோ ஈர்ப்பே இல்லை என்று சொல்லும். அதே வழியில் குயினைனைக் கணக்கிட்டால், மருந்து ஒட்டுவதற்கான காரணங்களுள் ஒன்றையே தொலைத்துவிடுவோம். திரையிலோ எந்த எச்சரிக்கையும் வராது. 2010-இல் கிரிம்மே குழுவினர் வெளியிட்ட, இந்த விசையை ஈடுசெய்யும் டி3 திருத்தத்தைச் சேர்த்து மீண்டும் ஓட்டச் சொல்லி, இரண்டு விடைகளையும் அருகருகே வைக்கிறேன். அதைப் பார்த்ததும் வகுப்பில் எழும் விவாதம் மணி அடித்த பிறகும் ஓய்வதில்லை.

இன்னும் துல்லியமான முறை இருக்கிறதே என்பாய். இருக்கிறது. ஆனால் பொன் அளவுகோல் என்று போற்றப்படும் சிசிஎஸ்டி(டி) முறையில் மூலக்கூறின் அளவு இரு மடங்கானால் வேலை 128 மடங்காகும். குயினைனுக்கே 48 அணுக்கள், 174 எலக்ட்ரான்கள். ஹீமையும் சேர்த்தால் எங்கள் துறையின் கணினிகள் தாங்கா. குளிரூட்டி வேண்டாத ஊர் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் ஆடி மழையில் மின்சாரம் போய்விட்டால் பாதியில் நின்ற கணக்கை விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும். அதனால் இடைநிலைக் கோப்புகளைச் சேமிக்கும் பழக்கத்தையும் பாடமாகவே நடத்துகிறேன்.

மகள் இந்தப் பாடத்தைத் தாராளமாக எடுக்கட்டும். மென்பொருளைப் பழக இரண்டு வாரம் போதும்; அதற்கு முன்பே கணிதத்தில் வரும் அணிகளையும் அவற்றின் ஐகன் மதிப்புகளையும் கையால் போட்டுப் பழகிவிடச் சொல். ஆய்வகத்தில் கரைசல் கலக்கும் பயிற்சியையும் அவள் விட்டுவிடக் கூடாது. அளந்து பார்த்த கைக்குத்தான் கணக்கிட்ட எண்ணின் மேல் எப்போது ஐயப்படுவது என்று தெரிகிறது. உன் மகள் என்பதால் அந்தப் பழக்கம் அவளுக்கு வீட்டிலேயே கிடைக்கும். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு இங்கு வாருங்கள். ஹீம், குயினைன் கணக்கின் இரண்டு விடைகளையும் அவளிடம் கொடுத்து, எது நம்பத்தக்கது என்று அவளையே சொல்லச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்