நாக்கு வறள்வது வேறு, ‘செக்கோ’ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த இத்தாலிய ஒயின் கட்டுரை, கியாந்தி கிளாசிகோ என்ற சிவப்பு ஒயினை ‘உலர்ந்த ஒயின்’ என்று எழுதி, நாக்கை வறளச் செய்வதால் அந்தப் பெயர் என்று விளக்கமும் தந்திருந்தது. அது சரியல்ல. இத்தாலியர் ‘செக்கோ’ (நேர்பொருள் ‘உலர்ந்த’) என்பது இனிப்பு மிஞ்சாத ஒயினை. சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுதும் ஆல்கஹாலாக்கிவிட வேண்டும். கியாந்தி கிளாசிகோவில் லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை மிஞ்சக்கூடாது என்பது விதி.

வாய் வறள்வது டானினால். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது அது. எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால் நாக்கின் வழுவழுப்பு போய்விடுகிறது. வாழைப்பூவும் கடுந்தேநீரும் செய்வதும் இதுவே. துவர்ப்பு என்று நமக்குத் தனிச் சொல்லே இருக்க, ‘உலர்ந்த’ எதற்கு? வெரோனா பக்கத்து ரெச்சோத்தோ தெல்லா வால்போலிச்செல்லா இனிப்பான சிவப்பு ஒயின்தான். அதிலும் துவர்ப்பு உண்டு.

இந்த வேறுபாடு பிடிபட்டால்தான் எந்த உணவோடு சேரும் என்பதும் பிடிபடும். கியாந்தி கிளாசிகோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே திராட்சை. புளிப்புச் செர்ரி, வயலட் பூ, காய்ந்த மூலிகை வாசனை. வயதானால் பதனிட்ட தோல், புகையிலை வாசனை. புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். ஃபுளோரன்சில் தடித்த எலும்போடு கரியில் வாட்டும் மாட்டிறைச்சிக்கு இதை ஊற்றுவதன் காரணம், டானின் எச்சிலை விட்டுவிட்டு இறைச்சியின் புரதத்தைப் பற்றிக்கொள்வதுதான். கொழுப்பும் உப்பும் மிச்சத் துவர்ப்பை அடக்கும். தக்காளிச் சாஸுக்குக் கணக்கு வேறு. உணவின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைந்தால் ஒயின் சப்பென்றாகும், சாஞ்சோவேசே ஈடுகொடுக்கும். முதிர்ந்த பெகோரினோ பாலாடைக்கட்டியும் நன்றாகச் சேரும்.

கட்டுரை பரிந்துரைத்த மத்தி வறுவல் சேராது. ஒயினிலுள்ள இரும்பு, மீன் எண்ணெயோடு சேர்ந்து வாயில் கவிச்சியைக் கிளப்பும். மிளகாய்க் காரமும் வேண்டாம். 13, 14 சதவீத ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும்.

‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்ற வரி நம் ஊருக்கு ஆபத்தானது. அது ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகளைக் கண்டு சொன்னது. வேண்டியது 16 முதல் 18 டிகிரி. 30 டிகிரியில் ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறும். பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த வாளியில் 15 நிமிடம் போதும். வெறும் பனிக்கட்டி புட்டியை முழுதாகத் தொடாது, நேரம் பிடிக்கும். அதற்காக ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் வாசனை அடங்கி, துவர்ப்பு மட்டும் துருத்தி நிற்கும்.

கட்டுரையோடு வந்த படமும் பொருந்தவில்லை, அதில் இருந்தது வெறும் கியாந்தி. புட்டியில் கருஞ்சேவல் முத்திரை இருந்தால்தான் கிளாசிகோ. வெறும் கியாந்தி என்பது அதைச் சுற்றிய பெரிய பகுதியின் ஒயின். அதற்கு 70 சதவீத சாஞ்சோவேசே போதும். கிளாசிகோவில் ‘ரிசெர்வா’ என்றிருந்தால் குறைந்தது 24 மாதம் முதிர்ந்தது.

திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் தக்கை கெட்டிருக்கிறது. காற்றாட வைத்தாலும் போகாது, திருப்பிக் கொடுத்துவிடலாம். நல்ல புட்டியில் மிஞ்சியதைத் தக்கையிட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

இப்படிக்கு,
உணவகப் பானப் பிரிவில் பணிபுரியும் வாசகர்,
புதுச்சேரி