ஆர் முடுகுகிறார், சேர்?

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பு நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஒஸ்லோவில் பனி கரையத் தொடங்கிவிட்டதா? எங்கள் மாடிக்குடியிருப்பில் லிப்ட் பழுதாகி இரண்டு கிழமை ஆகிறது. கேட்டால் நாளை, நாளை என்கிறார்கள். என் முழங்கால்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. பாணையும் பத்திரிகையையும் பல்கனியிலிருந்து கூடை இறக்கித்தான் எடுக்கிறோம்.

அந்தக் கூடைக் கயிறு போன சனிக்கிழமை பாடம் நடத்தப் பயன்பட்டது. பேத்தி இந்த வருடம் உயர்தரம் எடுக்கிறாள். "இரண்டு மடங்கு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மடங்கு கதியில்தானே விழும், அப்பப்பா?" என்றாள். ஓம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அப்போதுதான் நம் பௌதிகவியல் சேர் நினைவுக்கு வந்தார். கதி கூடும் வீதத்துக்குப் பெயராக 'ஆர்முடுகல்' என்று கரும்பலகையில் அவர் எழுதியதும், "ஆர் முடுகுகிறார், சேர்?" என்று நீ கேட்டதும், பாடம் முடியும்வரை வாங்கின்மேல் நின்றதும் மறந்திருக்காது.

கயிற்றை விட்டு அளந்தோம். பல்கனி 10 மீற்றர், மொட்டை மாடி 20 மீற்றர். கீழே யாரும் வராமல் பேரன் காவல் நின்று கைப்பேசியில் படம்பிடித்தான். நாங்கள் மேலிருந்து தேசிக்காய்களை விட்டோம். பல்கனியிலிருந்து விழ 1.4 செக்கனுக்குச் சற்று மேல். மொட்டை மாடியிலிருந்து 2 செக்கனுக்குச் சற்று மேல். காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் தரையைத் தொடும்போது முதலாவதன் கதி மணிக்கு 50 கிலோமீற்றர், இரண்டாவதன் கதி 71. பேத்தி எதிர்பார்த்தது 100.

அவள் முகம் சுருங்கிப்போனது. நான் கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினேன். மேல் பாதி 10 மீற்றரைக் கடக்கத் தேசிக்காய்க்கு 1.4 செக்கன் பிடிக்கிறது. கீழ்ப் பாதிக்குள் நுழையும்போதே அது ஓட்டத்தில் இருப்பதால் அதே 10 மீற்றரை 0.6 செக்கனில் முடித்துவிடுகிறது. புவியீர்ப்பு கூலி கொடுப்பது நேரத்துக்கு, தூரத்துக்கு அல்ல. ஒவ்வொரு செக்கனிலும் கதி, செக்கனுக்கு 9.8 மீற்றர் கூடும், அவ்வளவுதான். 0.6 செக்கனில் மணிக்கு 21 கிலோமீற்றர்தான் சம்பாதிக்கலாம். கதி இரட்டிக்க வேண்டுமானால் நேரம் இரட்டிக்க வேண்டும். அதற்கு உயரம் நான்கு மடங்கு வேண்டும்.

"பெரிய ஆட்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள்" என்று தேற்றினேன். உண்மைதான். 1604இல் கலிலியோ தன் வெனிஸ் நண்பர் பாவோலோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், விழுந்த தூரத்துக்கேற்பக் கதி கூடும் என்றே நம்பியிருந்தார். 1638இல் அச்சான நூலில்தான், கதி வளர்வது நேரத்தோடு என்று திருத்தமாக வந்தது. நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் பிழை விடலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்கு வேண்டாம்.

உன் எடை கூடிவிட்டதாக மகள் சொன்னாள். உனக்கு ஒரு சாக்குச் சொல்லித் தருகிறேன். பூமி நடுக்கோட்டில் புடைத்திருக்கிறது, சுழற்சியின் வேகமும் அங்கேதான் அதிகம். அதனால் நடுக்கோட்டுக்குக் கிட்டவுள்ள கொழும்பில் ஈர்ப்பின் அந்த 9.8 என்பது 9.78, ஒஸ்லோவில் 9.82. இங்கே 80 கிலோ காட்டிய அதே வில் தராசு அங்கே ஏறக்குறைய 300 கிராம் கூடுதலாகக் காட்டும். மிச்சத்துக்கு நீயே பொறுப்பு.

விழுந்து வெடித்த தேசிக்காய்களைப் பார்த்து வீட்டுக்காரி வாய்க்கு வந்தபடி ஏசினாள். பிறகு எல்லாவற்றையும் பொறுக்கி ஊறுகாய் போட்டுவிட்டாள். அந்தப் பக்கம் யாராவது பயணம் வந்தால் ஒரு போத்தல் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்