மேலுமலை ஏற்றமும் ஜீப்பின் மூச்சும்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

மாங்காய் ஏற்றிக்கொண்டு ஓசூர் போகும்போது மேலுமலை ஏற்றத்தில் ஜீப் திணறுகிறது, கூம்பு மாதிரி இருக்கிற அந்தச் சிவப்பு ஏர் ஃபில்டரை வாங்கி மாட்டலாமா அண்ணா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, இல்லாத பழைய டீசல் வண்டி வைத்திருக்கிற நிறையப் பேர் இதையே கேட்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காற்றுக்கு வழி திறக்கும். டீசலில் மிதித்தால் டீசல்தான் கூடும், காற்று எப்போதும் போக முடிந்த அளவுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். அதனால் வெறும் காற்றைக் கூட்டி இழுவை வாங்க முடியாது. ஏற்றத்தில் முழுசாக மிதிக்கும்போது கண்ணாடியில் பின்னால் பார். கறுப்புப் புகை கொட்டினால் காற்று போதவில்லை, இல்லையென்றால் டீசலைப் பீய்ச்சும் நாசில் கெட்டிருக்கிறது. புகையே இல்லாமல் திணறினால் காற்றை விட்டுவிடு, டீசல் ஃபில்டரையும், டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பையும் பார்.

உன் வண்டியில் புகை வருகிறது என்கிறாய், சரி. 2.5 லிட்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது, நிமிஷத்துக்கு 3000 லிட்டருக்கு மேல் காற்று இழுக்கும். இதில் ஆன்லைனில் விற்கிற சின்ன மின்விசிறியை, 'எலெக்ட்ரிக் டர்போ' என்று பெயர் போட்டிருப்பதை, குழாய்க்குள் வைத்தால் அது வழியை அடைக்குமே தவிர எதையும் தள்ளாது.

முதலில் அளந்து பார். கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் இரண்டு மீட்டருக்கு மேல் வாங்கி, யு மாதிரி வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்று. ஒரு முனையை ஏர் ஃபில்டருக்கும், எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து விடும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் உள்ள குழாயில் ஒரு நிப்பிள் (சின்ன இணைப்புக் குழல்) வைத்துச் செருகு, மறுமுனை திறந்தே இருக்கட்டும். டர்போ இல்லாத டீசலில் ஒரு வசதி, லோடு ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே முழு ரைஸ் கொடுத்தால் போதும், காற்று ஏறக்குறைய அதே அளவுதான் போகும். மெதுவாக ரைஸ் பண்ணு, தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடக் கூடாது. இரண்டு பக்க மட்டத்துக்கும் வித்தியாசம் 20, 25 அங்குலம் வந்தால் ஃபில்டர் அடைத்துவிட்டது என்று அர்த்தம். 25 அங்குலம் என்றால் சுமார் 6 சதவீதக் காற்று அங்கேயே போய்விடுகிறது. வித்தியாசம் அதில் பாதிகூட வரவில்லையென்றால் எந்த விலைக்கு ஃபில்டர் வாங்கினாலும் உனக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

அடுத்தது சூடு. காற்று 3 டிகிரி குளிர்ந்தால் சுமார் 1 சதவீதம் அடர்த்தி கூடும். பானெட்டுக்குள் 60 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும் காற்றை இழுக்காமல், ரேடியேட்டருக்கு முன்னாலோ மட்கார்டு ஓரத்திலோ இருந்து 35 டிகிரிக் காற்றை அகலமான குழாயில் கொண்டுவந்தால் 7, 8 சதவீதம் திரும்பி வரும். கூம்பு ஃபில்டர் இதற்கு நேர் எதிர், புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்திலேயே உட்கார்ந்து கொதிக்கிற காற்றைக் குடிக்கும். அதோடு நம் ஊர்த் தூசி சாதாரணத் தூசி இல்லை தம்பி. கிரானைட் குவாரி, ஜல்லி கிரஷர் பக்கம் போய்வருகிற வண்டிக்குள் இறங்குவது பாறைப் பொடி, எஞ்சின் சிலிண்டரின் உள்சுவரான லைனரையும் பிஸ்டன் ரிங்கையும் அரத்தால் ராவின மாதிரி தேய்த்துவிடும். பேப்பர் ஃபில்டரோ, எண்ணெயில் தூசியைப் பிடிக்கும் ஆயில் பாத்தோ, கம்பெனி கொடுத்ததையே வை. ஃபில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் ஹோஸில் கீறல் இருக்கிறதா என்று விரலை வைத்து முழுக்கத் தடவிப் பார், கிளிப்பை இறுக்கு. நான் ரொம்பக் கவலைப்படுவது அந்த ஹோஸைப் பற்றித்தான்.

டேப்பட் (வால்வு இடைவெளி) செட் பண்ணு, சைலன்சர் நசுங்கியிருந்தால் மாற்று. பழைய புகை வெளியே போகாமல் புதுக் காற்று எப்படி உள்ளே வரும்?

ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். சென்னையில் கிடைப்பதைவிட அங்கே காற்று 8 சதவீதம் போல மெலிசு, இதை எந்த ஃபில்டரும் மாற்றாது. அதனால் மேலே போகப் போகப் புகை கூடுவது இயல்பு. இதற்காகப் பம்பில் டீசல் அளவைக் கூட்டலாம் என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் கேட்காதே, காற்று இல்லாத இடத்தில் டீசலைக் கொட்டினால் புகையும் சூடும்தான் மிச்சம். எல்லாம் சரி செய்தும் திணறினால் மாங்காய்க் கூடையில் நான்கைக் குறைத்து ஏற்று.

டியூபில் எத்தனை அங்குலம் காட்டியது என்று மட்டும் எழுது, மீதியை அதை வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்