திரைப்படச் சங்கத் தேர்வுக் குழுவுக்கு: அந்தப் பெயர்களையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

போன சனிக்கிழமை 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' (1947) என்ற ஹாலிவுட் குற்றப்படம் முடிந்தபிறகு நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் முன்வரிசையில்தான் இருந்தீர்கள். "ஹார்லெம் கிளப் காட்சியில் வருகிறாரே, அவர் யார்? படக் குறிப்புத் தாளில் பெயர் இல்லையே" என்று ஒரு பெண் எழுந்து கேட்டார். "அந்தக் காலத்துப் படத்துல இந்தக் காலத்து அரசியலைத் தேடாதீங்கம்மா" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. நாலு பேர் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அவர் கேட்டது ஒரு பெயரைத்தான். நானே சொல்லிவிடுகிறேன்: தெரசா ஹாரிஸ், யூனிஸாக நடித்த கறுப்பின நடிகை.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஓடிப்போன நாயகி கேத்தியைத் தேடிக்கொண்டு, துப்பறிவாளராக நடிக்கும் ராபர்ட் மிச்சம் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமுக்கு வருகிறார். கேத்தியிடம் வேலை பார்த்த யூனிஸ், நன்றாக உடுத்திக்கொண்டு நண்பரோடு மேசையில் இருக்கிறார். நடுங்கவில்லை, கோமாளித்தனம் பண்ணவில்லை. கேத்தி ஃபுளோரிடா போனதாக நிதானமாகச் சொல்கிறார். பேச்சுவாக்கில் கேத்தி தடுப்பூசி போட்டுக்கொண்ட விஷயமும் வருகிறது. ஃபுளோரிடா போக எதற்குத் தடுப்பூசி? மெக்சிகோவுக்குத்தான். படம் அங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது. ஒரு கறுப்பினப் பெண்ணை எஜமானியின் வீட்டுக்கு வெளியே, தன் மாலைப்பொழுதைத் தானே அனுபவிக்கிறவராக அன்றைய ஹாலிவுட் காட்டியது அபூர்வம். ஆனால் படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை. ஸ்டூடியோ விட்டது, இத்தனை வருடம் கழித்து நீங்களும் விடுகிறீர்கள். "கிடைத்த ஒரு துப்பை வைத்து நாயகன் மெக்சிகோ செல்கிறான்" என்கிறது உங்கள் தாள். துப்பு என்ன மரத்தில் காய்த்துத் தொங்கியதா?

'அந்தக் காலம்' என்கிறீர்களே, எந்தக் காலம்? 1950இல் 'நோ வே அவுட்'டில் கறுப்பின நடிகர் சிட்னி பொய்ட்டியே மருத்துவராக வந்துவிட்டார். 1959இல் 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ'வை கறுப்பினப் பாடகரும் நடிகருமான ஹாரி பெலஃபான்டே தன் சொந்த நிறுவனத்தின் மூலமே எடுத்தார். கூட்டாளியின் இனவெறியே கொள்ளையைக் கெடுக்கும் கதை அது. எழுதிய ஆபிரகாம் பொலான்ஸ்கி, கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து ஹாலிவுட் வேலை மறுத்தவர்களின் தடைப்பட்டியலில் இருந்ததால், கறுப்பின நாவலாசிரியர் ஜான் கில்லன்ஸின் பெயரில் படம் வந்தது. 1996இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் பொலான்ஸ்கியின் பெயரைத் திரும்பச் சேர்த்தது. விட்டுப்போன பெயரை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? இந்தப் படம் உங்கள் பட்டியலிலேயே இல்லை என்பது வேறு கதை.

இடமில்லை என்பீர்கள். 'டச் ஆஃப் ஈவில்' தாளில், வெள்ளைக்கார நடிகர் சார்ல்டன் ஹெஸ்டனை மெக்சிகோக்காரராக்கிய பழுப்பு ஒப்பனைக்கு ஒரு பத்தியே கிடைத்தது. ஸ்வீடன்காரர் வார்னர் ஓலண்ட், சார்லி சான் என்ற சீனத் துப்பறிவாளராக நடித்ததையும் ரசித்துச் சேர்த்திருந்தீர்கள். பூசிக்கொண்ட நிறத்துக்கு ஒரு பத்தி. பிறந்த நிறத்துக்கு ஒரு வரி கூடவா கிடையாது? தேநீர் யார் உபயம் என்பதை மட்டும் பின்பக்கத்தில் தடித்த எழுத்தில் போடுகிறீர்கள். அவருக்கு நன்றி, தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, எங்கேயோ போகிறேன். என் வேண்டுகோள் சின்னது: அந்தப் பெயர்களையும் அச்சிடுங்கள். அடுத்த வாரம் 'டபுள் இன்டெம்னிட்டி'. கொலை நடந்த இரவில் தான் வீட்டில்தான் இருந்தேன் என்று காட்ட, கார் கழுவும் சார்லியிடம் கொலை செய்த நாயகன் வால்டர் நெஃப் பேச்சுக் கொடுப்பானே, அந்த சார்லியாக நடித்தவர் சாம் மெக்டேனியல். ஆஸ்கார் வென்ற முதல் கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியலின் அண்ணன். அவர் பெயரும் படத்தில் கிடையாது. தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகும் என்று தெரியும். அதற்குள் தயவுசெய்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முடிந்தால் பெலஃபான்டே படத்துக்கும் ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். அன்று அறிமுக உரைக்குக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணையே அழைக்கலாம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்