காப்பாற்றப் போய்க் காலியான குன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் தோட்டக்கலைப் பகுதியில், அரிய கள்ளிச் செடிகளைச் சேகரிப்பது பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மண் கலவை, நீர் ஊற்றும் இடைவெளி பற்றிய குறிப்புகள் பயனுள்ளவை. ஆனால், கிடைப்பதற்கு அரிது என்பதையே ஒரு செடியின் பெருமையாகக் காட்டிய அக்கட்டுரை, அது எங்கிருந்து வந்தது என்று வாங்குபவர் கேட்க வேண்டும் என ஓரிடத்திலும் சொல்லவில்லை. அந்தக் குறை சிறியதன்று என்பதற்கு நோல்டன் கள்ளியின் கதையே சான்று.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கொலராடோ எல்லையை ஒட்டிய மலைப்பாங்கான பகுதியில், பைன், ஜூனிப்பர் மரங்களுக்கிடையே கூழாங்கற்கள் பரவிய ஒரு குன்றுதான் இதன் இயற்கையான வாழிடம். நன்கு வளர்ந்த செடியும் பெரும்பாலும் கட்டைவிரல் நுனியளவே இருக்கும். வறண்ட காலத்தில் தண்டு சுருங்கி மண்ணுக்குள் அமிழ்ந்துவிடுவதால், இளவேனிலில் இளஞ்சிவப்புப் பூ விரியும் நாட்களில்தான் பழகாத கண்களுக்கு அது தென்படும். தாவரவியலாளர் லைமன் பென்சன் 1960இல் இதற்கு அறிவியல் பெயரிட்டபோது, அருகே நவஹோ அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. நீர்த்தேக்கம் குன்றை மூழ்கடித்துவிடும் என்று தவறாக நம்பிய கள்ளி ஆர்வலர்கள், காப்பாற்றுவதாக எண்ணி ஆயிரக்கணக்கான செடிகளைப் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள். தண்ணீர் அங்கே வரவேயில்லை. அப்படித் தோண்டியவர்கள் செடிகளின் பகைவர்கள் அல்லர், அவற்றை உயிராக நேசித்தவர்கள் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

1979இல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையில், மிகக் கடுமையான கட்டுப்பாடுகள் கொண்ட முதலாம் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு அந்நிலத்தைப் பாதுகாக்கிறது. வேறிடங்களில் நட்டும் விதைத்தும் புதிய கூட்டத்தை உருவாக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. ஆயினும், வறட்சியையும் செடிகளைக் கடித்துத் தின்னும் முயல்களையும் எலிகளையும் தாங்கி மீள்வதற்குப் போதிய எண்ணிக்கை வேண்டும். அந்த எண்ணிக்கையைத்தான் மனிதர்கள் வாரிக்கொண்டு போனார்கள்.

இது ஒரு குன்றோடு நிற்கவில்லை. 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு, ஆராயப்பட்ட 1,478 கள்ளி இனங்களில் 31 விழுக்காடு அழியும் அபாயத்தில் இருப்பதாகக் கண்டது. தோட்டங்களுக்காகவும் சேகரிப்புகளுக்காகவும் செடிகளையும் விதைகளையும் எடுப்பது முதன்மையான காரணங்களுள் ஒன்று. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம், சைட்ஸ் பட்டியலிலுள்ள இனங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பிரிவுகளைக் கொண்டுவந்துள்ளது. இதை நர்சரிக்காரர்கள் பலரும் அறிந்திருக்கிறார்களா என்பது ஐயமே.

கள்ளி வளர்க்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. நானும் மாடியில் வளர்க்கிறேன். விதையிலிருந்தோ ஒட்டுக்கட்டியோ நர்சரியில் வளர்த்த செடிகளே போதுமான அழகுடன் கிடைக்கின்றன. தழும்பேறி, அடிப்பகுதி பட்டைபோல் இறுகி, பல்லாண்டு வெயில் பட்ட தோற்றமுள்ள அரிய செடி இணையத்தில் விற்பனைக்கு வந்தால், அதன் பிறப்பிடத்தை எழுத்தில் கேட்டுப் பெறுமாறும், விற்பவர் மழுப்பினால் வாங்காமல் விடுமாறும் அடுத்த இதழின் தோட்டக்கலைப் பகுதியிலேயே ஒரு குறிப்பு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோயம்புத்தூர்