அந்தப் பையனைப் பாட விட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் வாலிபர் ஞாயிறு. பிளஸ் டூ படிக்கும் பையன் ஒருவன் பைபிளின் 23-ஆம் சங்கீதத்தை ராப்பாக, அதாவது தாளத்துக்கு வேகமாகப் பேசுவதுபோல் பாடும் பாட்டாக, எழுதிக்கொண்டு வந்திருந்தான். "இது ஆலயம், கச்சேரி மேடை இல்லை" என்று கமிட்டிக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

நான் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். ராப்பை உள்ளடக்கிய ஹிப்ஹாப் இசை பிறந்த ஊரே அதுதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று, தன் தங்கைக்குப் பள்ளித் துணிமணி வாங்கக் காசு சேர்க்க நடந்த விருந்தில், டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றியதில் தொடங்கியது. அதே பிராங்க்ஸில் மொரிசானியா டிரினிட்டி ஆலயம் இருக்கிறது. எபிஸ்கோப்பல் சபை, அதாவது அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் சபை; நம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனையில் வளர்ந்தவர்களுக்கு அந்நியமாகத் தெரியாது. 2004-இல் அங்கே குருவானவர் டிமோத்தி ஹோல்டர் ஹிப்ஹாப் தாளத்தில் திருவிருந்து ஆராதனை தொடங்கினார். டியூட்டி முடிந்து ஒருநாள் போனேன். ஜெபமும் வேதவாசிப்பும் அப்பம் பிட்குதலும் அப்படியே இருந்தன, டிரம் சத்தத்தின் மேலே. கை நீட்டி அப்பம் வாங்கிய பையன்களுக்கு, எங்கள் வார்டில் குண்டடிபட்டுக் கிடந்த பிள்ளைகளின் வயது. நான் அழுதுவிட்டேன்.

ராப் உலகின் முதல் நட்சத்திரங்களில் ஒருவரான கர்டிஸ் புளோவும் பிற்பாடு ஊழியத்துக்கு வந்து, ஹார்லமில் ஹிப்ஹாப் ஆராதனை நடத்தினார். விசுவாசத்தை ராப்பில் பாடும் லெக்ரே 2013-இல் கிராமி இசை விருது வாங்கினார்.

ராப்பில் துப்பாக்கியும் பெண்களைக் கேவலமாகப் பேசுவதும் நிறைய உண்டு, சரி. என் மகன் அறையிலிருந்து அப்படிப்பட்ட பாட்டு கேட்டால் நானே போய் நிறுத்தியிருக்கிறேன். அதற்காக இந்தப் பையன் என்ன எழுதியிருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல் அனுப்புவதா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி எழுதியபோது, குறி சொல்லும் குறத்தி ஆடிப்பாடும் நாடக வடிவத்தைத்தானே எடுத்துக்கொண்டார்? அவருடைய கீர்த்தனைகளை இன்று எழுந்து நின்று பாடுகிறோம்.

ஆராதனை முடிந்து, வேப்பமரத்தடியில் அந்தப் பையன் எனக்குப் பாடிக் காட்டினான். சங்கீதத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிற இடத்தில், டியூஷன் முடிந்து தனியாக நடந்து வரும் ரயில்வே கேட் இருட்டை வைத்திருந்தான். பயந்து பயந்து நடக்கிறவன், கூட யாரோ வருவதைக் கண்டுகொள்கிறான். கமிட்டிக்காரர்கள் இந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையிலாவது அவனுக்கு மூன்று நிமிடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாசரேத்.