எதிர்ப்பதெல்லாம் வளர்ச்சியா?

ஆசிரியருக்கு,

அமைப்பை எதிர்ப்பவர்கள் எல்லோரும் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டவர்கள் என்பதுபோல் பலரும் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் ஒழுக்கச் சிந்தனையை 6 படிகளாகப் பிரித்தார். முதலில் தண்டனைப் பயம். நடுவில் நாலு பேர் மெச்ச வேண்டும், சட்டம் ஒழுங்கு நிலைக்க வேண்டும் என்ற எண்ணம். அப்புறம்தான் சட்டமே நியாயமா என்ற கேள்வி. ஒருவர் எடுத்த முடிவைவிட, அதற்குச் சொன்ன காரணத்தைத்தான் அவர் கவனித்தார். (தொடக்க ஆய்வில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். உளவியலாளர் கரோல் கில்லிகன் அந்தக் குறையைச் சரியாகவே பிடித்தார்.)

ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரூல் இல்லை' என்று மனுவைத் திருப்பித் தருபவர் ஒருவர். விதிகளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, தெரிந்தவருக்கு மட்டும் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். இவரை எப்படி முன்னேறியவர் என்பது? மூன்றாமவர், அந்த விதி எதற்காக வந்தது என்று பழைய கோப்பைப் புரட்டுகிறார். இந்த மனுவுக்கு அது பொருந்தாது என்று குறிப்பெழுதி, தன் பெயரையும் போட்டு மேலே அனுப்புகிறார். வளர்ச்சி என்றால் எனக்கு இவர்தான்.

ஆனால் விளக்கம் கேட்டு மெமோ வருவதும் இவருக்குத்தான். ஊழியர்களின் பக்குவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அந்த மெமோக்களைப் பற்றி எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்